பாத்தியைக் கிண்டும் பூனை முதல் வேலி பாயும் ஆடு வரை: யாழ்ப்பாணத்து வீட்டுத்தோட்டக்காரருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வளவோடு ஒரு வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்து, கிணற்றடியில் நாலு பாத்தி கத்தரியும் மிளகாயும் வைத்தவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு காட்சியைக் காண்பார்கள். விடிய எழும்பிப் போனால் பாத்தி கிண்டிக் கிடக்கும், நாற்று வேரோடு சாய்ந்திருக்கும், நடுவில் பூனை மலம் கிடக்கும். உடனே பலர் வளவு முழுவதையும் அடைக்கப் புறப்படுகிறார்கள். காசு கரைவது அங்கேதான். 2 பரப்புக் காணி சதுரமாக இருந்தால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 295 அடி. அவ்வளவு நீளத்துக்குப் பூனை புகாத வேலி போட்டு முடிப்பதற்குள் தோட்ட ஆசையே போய்விடும். பாத்தியை அடைப்பது பத்தில் ஒரு பங்கு வேலை. பூனைக்கும் கோழிக்கும் பாத்தியோடு நில்லுங்கள். ஆடு, மாடு, நாய் வரும் பக்கத்துக்கு மட்டும் வேலியைப் பலப்படுத்துங்கள்.

விலைகளை இங்கே எழுதவில்லை. இரும்புக்கடை விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அளவுகளைத் தந்திருக்கிறோம், அவற்றைக் கொண்டுபோய் இரண்டு கடையில் விலை கேளுங்கள்.

1. மூன்று இரவு பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

எந்த மிருகம், எந்த வழியால், எந்த நேரம் வருகிறது என்று தெரியாமல் ஒரு அடி வலையும் வாங்க வேண்டாம். பாத்தியைச் சுற்றி 2 அடி அகலத்துக்கு மண்ணைச் சமப்படுத்தி, லேசாக நனைத்து, பலகையால் தட்டிவிடுங்கள். விடிய, கோழியைத் திறந்துவிடும் நேரத்துக்கு முன், தடத்தைப் பாருங்கள்.

பூனையின் அடி வட்டமாக, ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் இருக்கும். நாலு விரல் தெரியும், நகம் பதியாது. நாயின் அடியில் நகம் பதியும். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். ஆட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். தடம் தெரியாவிட்டால் கிண்டிய விதத்தைப் பாருங்கள். பூனை சிறு குழி பறித்து மூடிவிட்டுப் போகும், நாய் மூடாது. கோழி மண்ணைப் பின்பக்கமாக விசிறியிருக்கும், அதுவும் பகலில் மட்டும். மூன்று நாலு அங்குல வட்டத்தில் பொந்தும் வாயில் புதுமண்ணும் குவிந்திருந்தால் அது அகழான் (வளை தோண்டும் பெரிய எலி). மதிலிலோ கூரையிலோ பழக்கொட்டையோடு எச்சம் கிடந்தால் மரநாய்.

வரும் வழியையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் படலையின் அடி, வேலியில் ஓலை உக்கிய இடம், மதிலோடு சாய்ந்து நிற்கும் மரம் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

2. நீங்களே வரவழைப்பதை நிறுத்துங்கள்

மீன் வெட்டிய கழிவை வாழைக்கும் தென்னைக்கும் தாழ்ப்பது நம்மிடம் வழக்கம். நல்ல பசளைதான். ஆனால் அரை அடி ஆழத்தில் தாழ்த்தால் அன்றிரவே பூனையும் நாயும் கீரியும் வரிசையில் நிற்கும். ஒன்றரை முதல் 2 அடி ஆழத்தில் தாழ்த்து, மண்ணை மிதித்து, மேலே ஒரு கனமான கல்லைப் பத்து நாள் வையுங்கள். கற்பாறை மேலே நிற்கும் காணியில் அவ்வளவு ஆழம் போக முடியாது. அங்கே மீன் கழிவைத் தாழ்க்கவே வேண்டாம். மீன்கரைசல் (மீன் கழிவில் செய்யும் திரவப் பசளை) ஊற்றும் நாட்களிலும் பாத்தியை வலையால் மூடியிருக்க வேண்டும்.

அடுத்த பிழை தும்புத்தூள். ஈரம் காக்க என்று பாத்தியில் அதைப் பரப்புகிறார்கள். காய்ந்து பொருபொருவென்று கிடக்கும் தும்புத்தூளைவிடப் பூனைக்குப் பிடித்த இடம் வேறில்லை. அதற்குப் பதிலாகப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்குங்கள். நிமிர்த்தி வைத்தால் மாரியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

கொத்திய பாத்தியைக் காயவிடாதீர்கள். பூனை தேடுவது உலர்ந்த, இளகிய மண். கொத்திய அன்றே தண்ணீர் விட்டு, அன்றே மூட வேண்டும். நாளைக்கு மூடலாம் என்று விட்ட பாத்தியில் ஒருமுறை மலம் கழித்துவிட்டால் அந்த மணத்துக்கே மறுபடி வரும். அப்படி நடந்துவிட்டால் அந்த இடத்தில் 3 அங்குல மண்ணை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அமோனியா கலந்த கழுவு திரவம் வேண்டாம், அதன் மணம் பூனைக்குச் சிறுநீர் போலவே இருக்கும்.

அள்ளிய மலத்தைக் கூட்டுப் பசளைக் குழியில் போடக்கூடாது. டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வரலாம். மலம் விழுந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் அது தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே அன்றன்றே அள்ளுவது நல்லது. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. மற்றவர்கள் கையுறை போட வேண்டும். கீரையை நன்கு கழுவிச் சமையுங்கள்.

3. ஒரு வேலிக் கதியால் நடமுன் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள்

பூனைக்கென்று தொடங்கிய வேலை எல்லைச் சண்டையில் முடிவது இங்கே அருமையில்லை. வேலியில் கை வைக்குமுன் காணி உறுதியும் நில அளவை வரைபடமும் கையில் இருக்கட்டும். எல்லைக்கல் எங்கே நிற்கிறது, அந்தப் பக்க வேலி யாருக்கு உரியது என்று அயலவரோடு சேர்ந்து நின்று பாருங்கள். பழைய வேலியைப் பிடுங்குமுன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் வட்ஸ்அப் செய்தியாவது வேண்டும். மதில் கட்டும் எண்ணம் இருந்தால், முக்கியமாக வீதிப்பக்கம், கல் இறக்குமுன் பிரதேச சபையில் அல்லது மாநகர சபையில் அனுமதி பற்றிக் கேளுங்கள். கட்டிவிட்டு இடிப்பதற்கு இரண்டு செலவு.

அயலவரிடம் பேசுவதையும் இந்தக் கட்டத்திலேயே செய்யுங்கள், கோபம் வந்த பிறகு அல்ல. “அக்கா, பாத்தியிலை விதை போட்டிருக்கிறன். முளைக்கும் மட்டும் ரெண்டு கிழமை கோழியைக் கொஞ்சம் அடைச்சு வைக்க ஏலுமோ?” என்று நாள் கணக்குச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். “உங்கட கோழியாலை பெரிய கரைச்சல்” என்று தொடங்கினால் கிடைக்காது. கத்தரிக்காய் காய்த்ததும் முதல் பறிப்பில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போகட்டும்.

4. பாத்திக் கூடு: அளவும் செய்முறையும்

பூனை, கோழி, மயில் மூன்றையும் ஒன்றாக நிறுத்துவது இதுதான். 10 அடி நீளம், 4 அடி அகலப் பாத்திக்குக் கணக்கு:

அரை அங்குல பி.வி.சி. குழாய், 13 அடி நீளத்தில் 3. ஒவ்வொன்றையும் சரிபாதியாக வெட்டினால் ஆறரை அடியில் 6 துண்டு வரும். 5 வளையத்துக்குப் போதும், ஒன்று கையிருப்பு.
10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி, ஒன்றரை அடித் துண்டுகள் 10.
வலை, 8 அடிக்கு 15 அடி. கண் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம்.
கட்டுக்கம்பி அல்லது நைலோன் கயிறு, இரண்டு பக்கமும் பாரத்துக்கு 10 அடித் தடி இரண்டு.

பாத்தியின் இரு விளிம்பிலும் இரண்டரை அடிக்கு ஒன்றாகக் கம்பித் துண்டுகளை 9 அங்குலம் நிலத்தில் அடியுங்கள். வெளியே நிற்கும் 9 அங்குலத்தில் குழாயின் ஒரு முனையைச் செருகி, வளைத்து, மறு முனையை எதிர்க் கம்பியில் செருகுங்கள். நடுவில் ஏறத்தாழ 2 அடி உயரம் வரும். வலையைப் போர்த்தி இரு நுனியையும் சுருக்கிக் கட்டுங்கள். நீளப் பக்கங்களில் வலையின் ஓரத்தைத் தடியில் சுற்றிக் கட்டினால் களை பிடுங்கும்போது ஒரு பக்கத்தைத் தடியோடு தூக்கிவிடலாம்.

இரண்டு இடத்தில் இது பிழைக்கும். வலையின் ஓரம் நிலத்தில் படியாமல் 3 அங்குல இடைவெளி விட்டால் பூனைக்குட்டி நுழைந்துவிடும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வலை பாய்போல் காற்றைப் பிடித்து வளையத்தைச் சாய்க்கும். தென்மேற்குப் பக்கத்து நுனியில் ஒரு முளை அதிகம் அடித்துக் கட்டுங்கள்.

குருநகர், பாசையூர், பருத்தித்துறைப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கும். தடித்த நூல் வலையாகப் பார்த்து வாங்குங்கள். தங்கூசி வலை (மெல்லிய ஒற்றை நைலோன் இழை வலை) வேண்டாம். அதில் ஓணானும் பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும், சிக்கிய பாம்பை விடுவிக்கப் போய் நீங்கள் ஆபத்தில் மாட்டுவீர்கள். எந்த வலையையும் தொய்யவிடாமல் இழுத்துக் கட்டுங்கள்.

கத்தரியும் மிளகாயும் ஒன்றரை அடி வளர்ந்து நிலத்தை மூடியதும் கூட்டைக் கழற்றி அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகலாம். அதன் பிறகு பூனைக்கு அங்கே குந்த இடமில்லை.

கூடு செய்ய வசதியில்லாதவர்கள் 2 அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை விதைத்த பாத்தியின் மேல் தட்டையாக விரித்து, 2 அடிக்கு ஒரு வளைகம்பி அடித்துவிடலாம். வெங்காயமும் கீரையும் கண்ணுக்குள்ளால் வளர்ந்துவிடும். இதைவிட மலிவு தேசி முள்ளுக்கொப்பு அல்லது கருக்குமட்டை. பாத்தியின் ஓரங்களிலும் வரிசைகளுக்கு இடையிலும் அடுக்கினால் பூனை கால் வைக்காது. சிறுபிள்ளைகள் ஓடி விளையாடும் வளவில் முள் வேண்டாம், 6 அங்குலத்துக்கு ஒரு தடி குத்திவிடுங்கள். குந்தித் திரும்ப இடம் கிடைக்காதவரை பூனை அங்கே நிற்காது.

5. பூனைக்குக் கோடியில் ஒரு மணல் மூலை

அடைத்துவிட்டால் மட்டும் போதாது, அது போக ஒரு இடம் வேண்டும். வளவின் கோடியில், பாத்திக்கும் கிணற்றுக்கும் தூரமாக, மழை விழாத மரநிழலில் 3 அடிச் சதுரத்துக்கு 6 அங்குலம் காய்ந்த மணல் போடுங்கள். பாத்தியில் அள்ளிய பூனை மலத்தில் கொஞ்சத்தை முதல் இரண்டு நாள் அங்கே வைத்தால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நாளுக்கு ஒருமுறை அள்ளித் தாழ்க்க வேண்டும். அசுத்தமானால் மறுபடி பாத்திக்குத்தான் வரும். பூனையை வளவைவிட்டே துரத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பூனை போன வளவில் எலி ஏறும், எலியைத் தடுப்பது பூனையைத் தடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

பூனை பெருகுவதைத் தடுக்க ஒரே வழி கருத்தடை. பெண்பூனை ஆறு மாதத்துக்கு முன்னரே சினைப்படலாம், வயிற்றுக் காலம் ஒன்பது கிழமை. அயலில் சோறு வைக்கும் வீடுகள் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். விசர்நோய்த் தடுப்பூசியையும் அந்த நேரமே போடலாம். குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விடுவது கொடுமை. பலனும் இல்லை, வெற்றிடத்துக்கு இன்னொரு பூனை வரும்.

6. வேலி: ஆடு, மாடு, நாய்

நாய் வேலிக்கு அடியால் வரும். கம்பிவலையை அடியில் மட்டும் வைத்தால் தோண்டிவிடும். வலையின் கீழ் ஓரத்தை 1 அடிக்கு வெளிப்பக்கமாக மடித்து 6 அங்குலம் தாழ்க்க வேண்டும். வலிகாமத்தின் பல காணிகளில் அலவாங்கு போட்டாலும் கல்தான் கேட்கும். அங்கே தோண்டி மினக்கெடாமல் மடிப்பை ஒன்றரை அடியாக்கி நிலத்தின் மேலேயே விரித்து, 3 அடிக்கு ஒரு கல்லாகப் பாரம் வையுங்கள். நாய் வேலியடியில் நின்றுதான் தோண்டப் பார்க்கும், மடிப்பின் வெளி ஓரத்துக்குப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கடற்கரையை அண்டிய ஊர்களில் வெறும் கம்பிவலை உப்புக் காற்றில் கெதியில் துருப்பிடிக்கும். பிளாஸ்ரிக் பூச்சுள்ளதை வாங்குங்கள்.

ஆட்டுக்கு முட்கம்பி போதாது, கம்பிகளுக்கு இடையால் குட்டி நுழையும். 4 அடி உயரத்துக்கு வலையோ நெருக்கமான மட்டை வேலியோ வேண்டும். சீமைக்கிளுவை, பூவரசு வேலியென்றால் கோடையில் ஆடு வேலியையே தின்னும். ஆட்டுக்குக் குழை வெட்டிப் போடும் மரங்கள் அல்லவா அவை. ஆடு வரும் பக்கத்தில் கதியால்களுக்கு இடையே ஆடாதோடை நடுங்கள், பேரே காரணத்தைச் சொல்கிறது. நொச்சியையும் ஆடு அவ்வளவாகத் தேடாது. கதியாலும் ஆடாதோடையும் ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டால் தண்ணீர் விடாமலே பிடிக்கும். ஓலை அடைப்பும் வலை வேலையும் மழைக்கு முன், புரட்டாதிக்குள் முடிய வேண்டும்.

கட்டாக்காலி மாடு வருவது இரவில், அதுவும் படலையால். 1, 2, 3, 4 அடி உயரங்களில் நாலு வரி முட்கம்பி மாட்டுக்குப் போதும். ஆனால் படலையின் கொளுக்கி தலையால் தள்ளத் திறக்கும் வகையாக இருந்தால் நாலு வரியும் வீண். சங்கிலி போட்டுக் கொளுவுங்கள். படலையின் அடியில் 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒரு பலகை அடித்துவிடுங்கள், கோழியும் குட்டிநாயும் அந்த இடைவெளியால்தான் வருகின்றன.

பூனையைத் தடுக்கும் வேலி கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு (முயல் வளர்ப்பவர்களுக்கு வேண்டிவரும்): 6 அடி வலை, அதன் மேல் ஒன்றரை அடியைத் தூணில் கட்டாமல் வெளிப்பக்கமாகத் தொங்கவிடுங்கள். ஆடும் வலையில் பூனை ஏறாது. மதில் மேல் கண்ணாடித் துண்டு பதிப்பதால் பூனை நிற்பதில்லை, இடையில் கால் வைத்து நடந்துவிடும்.

7. மரத்தில் ஏறுபவை

பப்பாசிக்கு மரநாய், மாதுளைக்கும் கொய்யாவுக்கும் அணில், கறுத்தக்கொழும்பான் மாவுக்கு வௌவால். பப்பாசி, தென்னையின் அடிமரத்தில் 4 அடி உயரத்துக்கு மேல், 2 அடி அகலத் தகரத்தைச் சுற்றுங்கள். பப்பாசியில் ஆணி அடிக்காதீர்கள், அழுகும். பழைய ரியூப்பை வெட்டிக் கட்டி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்துங்கள். பக்கத்து மரக்கொப்போ கூரையோ 6 அடிக்குள் இருந்தால் தகரத்தால் பயனில்லை, பாய்ந்துவிடும். முதலில் கொப்பை வெட்டுங்கள்.

பழங்களுக்கு உறை போடுவதே நல்லது. மாங்காய் கோழிமுட்டை அளவு வந்ததும் கடதாசி அல்லது துணி உறை. பொலித்தீன் வியர்த்து அழுக வைக்கும். மரம் முழுக்க வலை போர்த்தால் வௌவால் சிக்கும், அதை வெறுங்கையால் தொடக்கூடாது.

8. அகழானும் எலியும்

மரவள்ளி, வற்றாளை, இராசவள்ளி, கச்சான் நட்டவர்களுக்குப் பூனையைவிட இதுதான் பெரிய எதிரி. மேல்வலை எதுவும் இதை நிறுத்தாது, நிலத்துக்கு அடியால் வரும். கல்லடுக்கிய உயர்பாத்தியென்றால் மண் நிரப்புமுன் அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை விரியுங்கள். ஓலை, விறகு, மட்டைக் குவியலைத் தோட்டத்திலிருந்து தள்ளி வையுங்கள். அங்கே எலி குடியேறும், எலியைத் தேடிப் புடையன் பாம்பு வரும்.

கூட்டுப் பொறியில் தேங்காய்ச் சொட்டோ கருவாடோ வைத்து முதல் மூன்று இரவு பொறியைப் பூட்டாமல் விடுங்கள். எலி புதுப் பொருளுக்குப் பயப்படும். தின்னப் பழகியபின் நாலாம் இரவு பூட்டுங்கள். நஞ்சு வேண்டாம். நஞ்சு தின்ற எலியைப் பூனையும் ஆந்தையும் தின்று சாகும், பொந்துக்குள் செத்தது நாறும். செத்த எலியைக் கையுறையோடு எடுத்துத் தாழ்க்க வேண்டும். 2024 டிசம்பரில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. மாரியில் காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

9. செய்யக்கூடாதவை

பூச்சி உருண்டை, மண்ணெண்ணெய், மிளகாய்த் தூள் மூன்றும் ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம். உருண்டை பூனைக்கும் குழந்தைக்கும் நஞ்சு. மண்ணெண்ணெய் மண்ணைக் கெடுக்கும். மிளகாய்த் தூள் ஒரு மழையில் போய்விடும், அதற்குமுன் உங்கள் கண்ணுக்குள் வரும். பூனையை விரட்டவென்று சிலர் வைக்கும் நீலத்தண்ணீர்ப் போத்தலுக்கு அது இரண்டாம் நாளே பழகிவிடும்.

வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரம் கொடுக்கவே கூடாது. ஆடு பிடிக்க வரும் பிள்ளைதான் அதில் கை வைக்கும். அயல்வீட்டு நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு வைப்பதும், கண்ணி கட்டி வதைப்பதும் குற்றம். 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மயிலைக் காட்டுவிலங்குச் சட்டம் பாதுகாக்கிறது, அதற்குக் கூடும் வலையும்தான் வழி.

10. முறைப்பாடு செய்ய வேண்டிவந்தால்

கட்டாக்காலி மாட்டுக்கும் தெருநாய்க்கும் பிரதேச சபை அல்லது மாநகர சபை. வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதத்தில் திகதி, நேரம், எந்தப் பக்கத்தால் வந்தது, என்ன பயிர் எத்தனை கன்று அழிந்தது என்று எழுதி, படங்களை இணைத்து, பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மாட்டின் காதுப் பட்டி இலக்கம் படத்தில் விழுந்திருந்தால் உரிமையாளரைக் கண்டுபிடிப்பது சுலபம். மாட்டை நீங்களே கட்டி வைக்க வேண்டாம், அது வேறு வழக்காகும்.

அயலவரோடு பேச்சு முறிந்தால் முதலில் கிராம அலுவலர். அடுத்தது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் இச்சபையில் செலவு மிகக் குறைவு. உறுதியின் பிரதி, வரைபடம், முறைப்பாட்டுப் பிரதி, படங்கள் ஆகியவற்றோடு போங்கள். நீதிமன்றுக்குப் போனால் வருடங்கள் போகும், கத்தரிக்கு ஆயுள் சில மாதங்கள்.

11. கடித்தாலோ பிறாண்டினாலோ

வலையில் சிக்கிய பூனையை விடுவிக்கும்போதுதான் பெரும்பாலும் நடக்கும். தடித்த சாக்கை மேலே போட்டுப் பிடியுங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால், கீறல் சிறிதானாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசாதீர்கள். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், விசர்நோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். ஊசித் திகதிகள் எழுதிய அட்டையைத் தருவார்கள், ஒரு ஊசியையும் தவறவிடக்கூடாது. கடித்த மிருகத்தை அடித்துக் கொல்லாமல், கிட்டப் போகாமல் பத்துப் பதினாலு நாள் அவதானித்து, அது செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.